போன்னு சொன்னா போயிருவாளா?

இங்க உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், இதுல உக்காருங்க. எந்த முட்டி உங்களுக்கு? இடதா? எனக்கு வலது. டோக்கன் எத்தனை? பன்னிரண்டா? நான் ஒன்பது. இப்பத்தான் ஆறு உள்ள போயிருக்கு. இந்த பிசியோதெரபி டாக்டர் ஆளுக்கு இருபது நிமிசம் எடுப்பாரு. காலை நீட்டி உக்காருங்க, ஒண்ணும் தப்பில்ல.

எனக்கு விழுந்து வந்த வலி இல்ல. ஓடி வந்த வலி. ஆமா, ஓடித்தான். ஏன் சிரிக்கீங்க? இருபத்தோரு கிலோமீட்டர். கன்னியாகுமரியிலேர்ந்து நாகர்கோவில் ஸ்டேடியம் வரைக்கும். பஸ்ல போனாலே நமக்கு இடுப்பு வலிக்கும்லா, அந்த ரோடுதான்.

வயசு அம்பத்தஞ்சு. பேரு ராஜபுஷ்பம். பேரைச் சொன்னா பாளையங்கோட்டையில யாருக்கும் தெரியாது, லேடீஸ் ஹாஸ்டல் வார்டன்னு சொன்னாத் தெரியும். இருபத்தாறு வருசமா ஒரே ஹாஸ்டல். நூத்துப் பத்துப் பிள்ளைங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல கேட்டுக்கு வெளிய ஒரு பிள்ளை நின்னதில்ல, என் காலத்துல. கல்யாணம் பண்ணிக்கிடல. நூத்துப் பத்துப் பேரை வச்சிக்கிட்டு அதுக்கு எங்க நேரம்?

நாங்க மூணு பேரு. நான், கோமதி டீச்சர், மைமூன். கோமதி டீச்சர் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா, சுகர் பேஷன்ட். அவ டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரு. தனியா நடக்க வெக்கப்பட்டு என்னையக் கூப்பிட்டா. நான் மைமூனைக் கூப்பிட்டேன். மைமூன் எங்க ஹாஸ்டல் பக்கத்துல தையக் கடை வச்சிருக்கா. எங்க பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் எல்லாம் அவ தச்சதுதான். வீடு மேலப்பாளையம். வயசு நாப்பத்துமூணு. மாப்பிள்ளை மலேசியாவுல ஒரு சாப்பாட்டுக் கடையில நிக்காரு. வீட்டுல இவளும் மாமியாரும்தான்.

அப்ப மூணு பேரும் காலையில அஞ்சரைக்கு மைதானத்துல நடப்போம். நடப்போம்னா நாலு ரவுண்டு. அதுக்கப்புறம் கேலரிப் படியில உக்காந்து பேச்சு. ஒரு நாளு, மே மாசம், கோடை மழை சடசடன்னு பிடிச்சிருச்சு. எல்லாரும் தலையில கையை வச்சிக்கிட்டுக் கேலரிக்கு ஓடுதோம். நானும் ஓடுதேன், கோமதியும் ஓடுதா. திரும்பிப் பாக்கேன், மைமூனைக் காணோம். அவ மைதானத்தைச் சுத்தி ஓடிக்கிட்டிருக்கா! கேலரியைத் தாண்டிப் போயிட்டா. "ஏட்டி, இங்க வா, நனையாத"ங்கேன், கையை மட்டும் ஆட்டுதா. மூணு ரவுண்டு ஓடினா பாத்துக்கிடுங்க, அந்த மழையில. வந்து நிக்கா, மூச்சு வாங்குது, சிரிக்கா. "வார்டனக்கா, எட்டாம் கிளாஸ்ல கடைசியா ஓடினது"ங்கா.

அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணேன், இவளுகளை ஓட வைக்கணும்னு. ஓட்டம் என் யோசனைதான். அதை இப்பவே சொல்லிருதேன், ஏன்னா ஊர்ல வேற மாதிரிப் பேசுதாங்க.

ஓட ஆரம்பிச்சோம். மைமூன் மூணு பேருக்கும் உடுப்பு தச்சா. கறுப்புல தொளதொளன்னு பேன்ட்டு, முட்டி வரைக்கும் மேல்சட்டை. கோமதிக்குச் சுகர் இறங்கினா வாயில போட மிட்டாய் வைக்கத் தனியா ஒரு பாக்கெட்டு. எனக்கு இடுப்புல நாடா, எலாஸ்டிக் எனக்கு அரிக்கும்னு அவளுக்குத் தெரியும். அவ பர்தாவை மடிச்சுக் கேலரிப் படியில வச்சிட்டு, தலையில துணியைக் கட்டிக்கிட்டு ஓடுவா.

மைதானத்துல காலைல நடக்கிறவங்களுக்குன்னு ஒரு சங்கம் உண்டு. தலைவரு சிவசைலம் சாரு, ரிட்டயர்டு. ஒரு நாளு எங்களை நிறுத்தினாரு. "மேடம், நடங்க. நடக்கது ரொம்ப நல்லது. ஓடுறது வேண்டாம். இந்த வயசுல லேடீஸ் ஓடினா கர்ப்பப்பை இறங்கிரும்"னாரு. பின்னால நாலு பேரு தலையை ஆட்டுதாங்க.

நான் சொன்னேன், "சார், எனக்கு அதை எடுத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு. இறங்குறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஏதாவது இறங்கிரப் போகுது, நீங்க பாத்து நடங்க."

அதுக்கப்புறம் நாங்க வந்தா அவரு பாதையை விட்டுப் புல்லுல இறங்கிருவாரு.

எனக்கு ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டாப் போதும், அதைச் செஞ்சே தீருவேன். எங்க அம்மா அடிக்கடி சொல்லுவா, உனக்கு வேணுங்கிறதைக் கூட எவனாவது வேண்டாம்னு சொன்னாத்தான் எடுத்துக்கிடுவன்னு. சரி, அது கிடக்கட்டும்.

ஆகஸ்ட் மாசம் ஒரு நோட்டீஸ் பாத்தேன். பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, இருபத்தோரு கிலோமீட்டர், ஆணும் பெண்ணும் ஓடலாம், மூணே கால் மணி நேரத்துல முடிக்கணும். முடிக்காதவங்களைப் பின்னால வர்ற பஸ்ல ஏத்திருவாங்களாம். நான் மூணு பேருக்கும் பேரைக் கொடுத்தேன். கொடுத்துட்டுத்தான் அவளுககிட்டச் சொன்னேன். கேட்டா யோசிப்பாளுகள்லா.

ஒரு நோட்டு போட்டேன். தேதி, தூரம், நேரம், வந்தவங்க வராதவங்க. முதல் பக்கத்துல விதி எழுதினேன். மூணு பேரும் ஒண்ணா ஓடணும். யாரும் முன்னால போகக் கூடாது. யாரு மெதுவா ஓடுதாங்களோ அவங்க வேகம்தான் எல்லாருக்கும். மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். கோமதிக்குத்தான் சுகராச்சே, அவளை நினைச்சுத்தான் அந்த விதியே. எங்க மூணு பேருல மெதுவு அவதான். முதல்ல.

அப்புறம் கொஞ்ச நாள்ல கோமதி தேறிட்டா. ஆனாலும் விதி விதிதானே?

மைமூன் வீட்டுச் சமாச்சாரத்தைச் சொல்லணும். நான் இல்லைன்னா அவ ஓடியே இருக்க முடியாது. அவ மாமியார்கிட்ட ஓடப் போறேன்னு சொல்லவே இல்ல, காலையில துணி வெட்டுற வேலை இருக்குன்னு சொல்லிட்டு வந்துக்கிட்டிருந்தா. எனக்கு இது தெரிஞ்சதும் கோவம் வந்துட்டு. நாம என்ன திருடவா செய்தோம்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரா மேலப்பாளையம் போயிட்டேன். வாசல்ல பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. மைமூன் மாமியாரும் இருக்காங்க. நான் நின்ன நிலையில கேட்டேன், "உங்க மருமக காலையில துணி வெட்டலை, ஓடுதா. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப் போறா. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அந்த அம்மா என்னைய ஏற இறங்கப் பாத்தாங்க. மைமூன் உள்ளேயிருந்து ஓடி வாரா, முகம் வெளிறிப் போச்சு. பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒருத்தி, "மருமவ ரோட்டுல ஓடுறாளா?"ன்னு கேட்டுட்டு மாமி முகத்தையே பாக்கா. மாமி சொன்னாங்க, "இனிமே போக மாட்டா."

பத்து நாள் அவ வரலை. பதினோராம் நாள் வந்தா. பாத்தீங்களா, ஒருத்தர் போய்த் தைரியமாக் கேட்டாத்தான் வழி பிறக்கும். அவ என்ன சொன்னா தெரியுமா? "வார்டனக்கா, மாமிக்கு முதல்லயே தெரியும்க்கா. என் காலணியைத் துடைச்சு வச்சதே அவங்கதான். நாலு பேரு முன்னால நீங்க கேட்டதாலதான் அவங்க வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு"ன்னா. நான் அதை நம்பலை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுதா. மாமியாரு எங்கயாவது மருமக செருப்பைத் துடைப்பாங்களா?

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மழையிலயும் விடலை. ஞாயித்துக்கிழமை நீளமா ஓடுவோம், ரெட்டியார்பட்டி வரைக்கும் போய்த் திரும்பணும். அந்த மலை ஏத்தம் இருக்குல்லா, அங்க எனக்கு மூச்சு முட்டும். நான் நின்னா அவளுகளும் நிப்பாளுக. கோமதி குனிஞ்சு புல்லைப் பிடுங்குவா. மைமூன் நின்ன இடத்துலயே குதிச்சுக்கிட்டிருப்பா, கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி. எனக்கு அது பிடிக்காது. "ஏட்டி, சும்மா நில்லு"ம்பேன். நிப்பா.

ஒரு தடவை அவ கேட்டா. "வார்டனக்கா, ஒரே ஒரு நாளு நான் என் இஷ்டத்துக்கு ஓடிப் பாக்கட்டுமா? அந்த ஏத்தத்துல மட்டும்?"

நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினேன். "இது யாரு கையெழுத்து?"

"என் கையெழுத்துதான்."

"அப்புறம்?"

அதுக்கப்புறம் கேக்கலை. ஆனா கேளுங்க, டிசம்பர் மாசம் ஒரு நாளு எனக்குத் தூக்கம் வரலை, அஞ்சுக்கே மைதானத்துக்குப் போயிட்டேன். அங்க ஒருத்தி தன்னந்தனியா ஓடிக்கிட்டிருக்கா. சும்மா இல்ல, பறக்கா. காலு தரையில படுதா இல்லையான்னே தெரியலை. யாரோ காலேஜ் பிள்ளைன்னு நினைச்சு நானும் நின்னு ரசிச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்துல வந்தா மைமூன்! என்னையப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. கையும் களவுமா மாட்டின மாதிரி.

விசாரிச்சா, ரெண்டு மாசமா நாலரைக்கு வந்து தனியா ஒரு மணி நேரம் ஓடிட்டு, அப்புறம் அஞ்சரைக்கு எங்க கூட ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடியிருக்கா. எங்ககூட ஓடுறது அவளுக்கு இளைப்பாறுறதுக்கு! நான் ஒரு வாரம் அவகூடப் பேசலை. ஹாஸ்டல் பிள்ளை செவரேறிக் குதிச்சிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

கோமதி டீச்சர் சொன்னா, "வார்டன், அவ வேகம் வேற, நம்ம வேகம் வேற. அவளை விட்டுருங்களேன்." நான் சொன்னேன், "இன்னைக்கு வேகம் வேறம்பா, நாளைக்கு ரோடு வேறம்பா." கோமதி ஒரு மிட்டாயை வாயில போட்டுக்கிட்டு நடந்துட்டா. அவ பயந்தவ.

சரி. ஓட்டத்தன்னைக்கு வாரேன். முந்தின நாளு சாயங்காலமே கன்னியாகுமரி போய் ஒரு லாட்ஜ்ல தங்கினோம். மைமூன் மாமி ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்து விட்டிருந்தாங்க. கொட்டையை எல்லாம் எடுத்துட்டு. நல்ல பழம்தான், இல்லைங்கலை.

அஞ்சரைக்கு விட்டாங்க. முன்னூறு நானூறு பேரு. கடல்காத்து முதுகுல தள்ளுது. கொட்டாரம் வர்ற வரைக்கும் எனக்குச் சிரமமே இல்ல. மூணு பேரும் ஒரே வரிசை, கிலோமீட்டருக்கு எட்டரை நிமிசம், நோட்டுல எழுதின மாதிரியே. ரெண்டு பக்கமும் வாழையும் வயலும், அங்கங்க வீட்டு வாசல்ல நின்னு பாக்காங்க. ஒரு பொம்பளை, "ஏ, இவங்களைப் பாருங்கட்டி!"ன்னு கத்தினா. கேலியாவா பாராட்டாவான்னு தெரியலை. நான் கையை ஆட்டினேன்.

சுசீந்திரம் தாண்டினோம். பதினாலாவது கிலோமீட்டர்ப் பலகை தெரியுது. அந்த இடத்துல வலது முட்டிக்குள்ள ஒரு ஆணியை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு எட்டு வச்சேன், காலு மடங்குது. ரோட்டோரத்துல ஒரு கல்லுல உக்காந்துட்டேன்.

கோமதி சொன்னா, "வார்டன், நான் நின்னா எனக்குச் சுகர் இறங்கிரும், நான் மெதுவாப் போயிக்கிட்டிருக்கேன்." சரி, போன்னேன். அவ நோயாளி, அவளை என்ன சொல்ல? போயிட்டா.

மைமூன் என் காலை எடுத்து மடியில வச்சுப் பிடிச்சு விட்டா. தண்ணி கொண்டாந்தா. "எழுந்திரிங்கக்கா, தோளைப் பிடிச்சுக்கிடுங்க, நடந்தே போயிருவோம்"னா. நான் எழுந்திரிக்கப் பாத்தேன், முடியலை. பின்னால வர்றவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போறாங்க. அறுபது வயசு ஆளு ஒருத்தரு தாண்டிப் போறாரு. மைமூன் என் பக்கத்துலதான் இருக்கா, ஆனா கண்ணு ரோட்டுல இருக்கு. எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசம் பிள்ளைங்க கண்ணைப் பாத்தவ நான்.

"போகணும்னாப் போ"ன்னேன்.

"இல்லக்கா."

"ஏட்டி, போ. உன்னைய யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

அவ எழுந்து நின்னா. "நெசமாவாக்கா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான் சொல்லுதேன். போ."

அப்ப அவ முகம் இருந்துச்சு பாருங்க. ஹாஸ்டல்ல லீவு லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் பிள்ளைகளுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம். பத்து நாள் பதினஞ்சு நாள் ஊருக்குப் போகக் காத்துக்கிட்டிருந்த பிள்ளை முகம். அதை என்னால மறக்கவும் முடியலை, மன்னிக்கவும் முடியலை.

போயிட்டா. மூணு தடவை திரும்பிப் பாத்தா, இல்லைங்கலை. நான் மூணு தடவையும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நாலாவது தடவை நான் பாக்கேன், அவளைக் காணோம்.

நீங்களே சொல்லுங்க, போன்னு சொன்னாப் போயிருவாளா? ஒரு வாய்ப்பேச்சுக்குச் சொல்லுவோம். கோவத்துல சொல்லுவோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்புதேம்பாங்க, சரிங்கோம், அதுக்காகப் போன்னா அர்த்தம்? இவ்வளவு நாளு பழகினவளுக்கு அது தெரியாதா?

நான் அந்தக் கல்லுலயே உக்காந்திருந்திருக்கலாம். உக்காரலை. கைக்குட்டையை எடுத்து முட்டியில இறுக்கிக் கட்டினேன். நடக்க ஆரம்பிச்சேன். நடைன்னா நடை இல்ல, ஒரு காலு நடக்கும், மத்தக் காலை இழுத்துக்கிட்டு வரணும். பதினேழாவது கிலோமீட்டருக்குப் பக்கத்துல பின்னாலேர்ந்து பஸ் வந்துட்டு. ரெண்டு பையன்க இறங்கினாங்க, மஞ்சச் சட்டை, கழுத்துல அட்டை.

"ஆன்ட்டி, ஏறிருங்க. டயம் முடியப் போகுது."

"ஏற மாட்டேன்."

"ரூல்ஸ் ஆன்ட்டி."

எனக்கே விதி சொல்லுதான்! "தம்பி, விதிமுறை போட்டே வயசானவ நான். ஏறலைன்னா என்ன செய்வ?"

அவன் தலையைச் சொறியுதான். "உங்க நம்பரைக் கழட்டணும் ஆன்ட்டி. அதுக்கப்புறம் நீங்க ரேஸ்ல இல்ல. உங்களுக்கு ஒண்ணு ஆனா நாங்க பொறுப்பில்ல."

"நம்பரைக் கழட்டிக்க. காலைக் கழட்ட முடியாதுல்லா?"

அந்தப் பையன், என் நெஞ்சுல குத்தியிருந்த நம்பரை ஊக்கு ஊக்கா நானே கழட்டிக் கொடுக்கிற வரைக்கும் குனிஞ்சுக்கிட்டே நின்னான். நல்ல பையன். பஸ்ஸுல பதினஞ்சு பேரு இருந்தாங்க, எல்லாரும் என்னைய ஜன்னல் வழியாப் பாக்காங்க. "சும்மா வாங்கம்மா, இதுல என்ன இருக்கு"ங்கான் ஒருத்தன். பஸ் போயிட்டு.

அதுக்கப்புறம் ரோட்டைத் திறந்து விட்டுட்டாங்க. லாரி, பஸ், ஆட்டோ எல்லாம் வருது. கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க எல்லாம் நல்லா உடுத்திக்கிட்டு எதிர்ல வாராங்க. நான் கறுப்புப் பேன்ட்டும் வேர்வையுமா ரோட்டோரத்துல நொண்டிக்கிட்டுப் போறேன். ஒரு ஆட்டோக்காரரு நிறுத்தி, "என்னம்மா, ஆஸ்பத்திரிக்கா?"ன்னு கேட்டாரு. "இல்ல, ரேஸ் ஓடிக்கிட்டிருக்கேன்"னேன். அவரு முன்னாலயும் பாத்தாரு, பின்னாலயும் பாத்தாரு. ஒரு ஆளைக் காணோம். பாவம், மெதுவா என் பக்கத்துலயே கொஞ்ச தூரம் வந்துட்டுப் போனாரு.

அழுதேனான்னு கேக்கீங்களா? கொஞ்சம். வலிதான். வேற ஒண்ணும் இல்ல.

ஸ்டேடியம் கிட்ட வரும்போது மைக் சத்தம் கேக்குது. உள்ள மேடையில பரிசு கொடுத்துக்கிட்டிருக்காங்க. "நாப்பது வயசுக்கு மேற்பட்ட பெண்கள், மூன்றாம் பரிசு, மைமூன் பீவி, பாளையங்கோட்டை"ங்காங்க. அப்புறம் கோமதிகிட்ட விசாரிச்சுத்தான் தெரிஞ்சுது. என்கூடக் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிசத்துல ஓடிக்கிட்டிருந்தவ, மிச்ச ஏழு கிலோமீட்டரை நாப்பத்தொரு நிமிசத்துல ஓடியிருக்கா. அவ்வளவையும் காலுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்திருக்கா.

திரும்பவும் கூப்பிடுதாங்க. "மைமூன் பீவி, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." மூணாவது தடவையும் கூப்பிட்டாங்க. ஆளு போகலை.

நான் கேட்டுக்குள்ள நுழையுதேன். காத்தடிச்சு நிறுத்தியிருந்த வளைவு பாதி இறங்கிக் கிடக்கு. முடிவுக் கோட்டுக்குப் போட்டிருந்த விரிப்பை ரெண்டு பேரு சுருட்டிக்கிட்டிருக்காங்க. அந்த விரிப்பு மேல ஒருத்தி நிக்கா. காலை அகட்டி வச்சு நிக்கா. மைமூன். "சுருட்டாதீங்க, ஒரு ஆளு வரணும், ஒரு ஆளு வரணும்"னு சண்டை போட்டுக்கிட்டிருக்கா. அந்த ஆளுங்க, "எல்லாரும் வந்தாச்சும்மா, பஸ்ஸே வந்தாச்சு"ங்காங்க. "பஸ்ல அவங்க இல்ல. எனக்குத் தெரியும், அவங்க ஏற மாட்டாங்க"ங்கா. ஒண்ணரை மணி நேரமா அங்கேயே நின்னிருக்கா, வெயில்ல. கோமதி நிழலுக்கு வான்னு கூப்பிட்டும் வரலையாம். மேடையில பேரு சொல்லிக் கூப்பிடுதாங்க, அங்கயும் போகலை. எவ்வளவு திமிரு பாருங்க! பெரியவங்க பரிசு கொடுக்கக் கூப்பிட்டாப் போக வேண்டாமா? கடைசியில கோமதி போய் வாங்கிட்டு வந்தா.

என்னையப் பாத்ததும் ஓடி வந்து கையைப் பிடிக்கா. "தொடாத"ன்னேன். விட்டுட்டா. கூடவே வாரா, பக்கத்துல, தொடாம. நான் நொண்டி நொண்டிப் போய் அந்த விரிப்பு மேல காலை வச்சேன். நம்பர் இல்ல, படம் எடுக்க ஆளில்ல, கை தட்ட ஆளில்ல. சுருட்டிக்கிட்டிருந்த ஆளு மட்டும் எழுந்து நின்னாரு.

"நாலு மணி நேரம் இருபத்தோரு நிமிசம்க்கா"ன்னா மைமூன், அவ கைக்கடியாரத்தைப் பாத்து.

நான் முடிச்சேன். அது யாரு ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கிடலைன்னாலும் நான் முடிச்சேன். அவங்க லிஸ்ட்டுல என் பேரு இல்ல. முடிக்காதவங்கன்னு கீழ போட்டிருக்காங்க. எழுதட்டும். ரோட்டுக்குத் தெரியும்.

அவ அழுதுக்கிட்டே கேட்டா, "நீங்கதானக்கா போன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னாப் போயிருவியா?"

அதுதான் நான் அவகிட்டப் பேசின கடைசிப் பேச்சு. எட்டு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை பேசலை. எங்க ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இந்த வருச யூனிஃபார்ம் அளவு எடுக்க அவதான் வந்தா. நான் ஆபீஸ் ரூம்ல இருந்துக்கிட்டேன். போகும்போது ஜன்னல்ல ஒரு முட்டிப் பட்டையை வச்சிட்டுப் போயிருக்கா. அவளே தச்சது, எலாஸ்டிக் இல்லாம, நாடா வச்சு. போட்டிருக்கேன், இதோ பாருங்க. பொருள் மேல எனக்கு என்ன கோவம்?

ஓட்டத்தை விடலை. டாக்டர் போன தடவையே சொன்னாரு, "மேடம், இனிமே ஓட்டத்தை மறந்துருங்க, நீச்சல் போங்க"ன்னு. நான் மறக்கலை. காலையில அஞ்சரைக்கு மைதானத்துக்குப் போறேன். ரெண்டு நிமிசம் ஓட்டம், மூணு நிமிசம் நடை. கோமதி கூட வாரா. மைமூனும் வாரா, ஆனா எங்ககூட இல்ல. எனக்குப் பத்தடி பின்னால வருவா. நான் நின்னா அவளும் நின்னு குனிஞ்சு காலணிக் கயித்தைக் கட்டுவா. நான் நடந்தா எழுந்திரிப்பா. ஒரு மனுசிக்குக் காலையில இருபது தடவையா கயிறு அவுரும்? அவ்வளவு ஓடுறவளுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியலை. கோமதிகிட்டச் சொன்னேன், அவகிட்டச் சொல்லு, ரெட்டை முடிச்சுப் போடச் சொல்லுன்னு. கோமதி என்னையே பாத்தா. "வார்டன், உங்களுக்கு நெசமாவே புரியலையா?"ன்னா. என்ன புரியணும்? நீங்களும் அதே மாதிரிப் பாக்கீங்க.

எட்டாம் நம்பரு வெளிய வந்துட்டாரு. அடுத்தது நான்தான்.

வர்ற ஜனவரிக்குப் பேரு கொடுத்தாச்சு. மூணு பேருக்கும்தான். கோமதியைக் கேட்டேன், சரின்னா. இவளைக் கேக்கலை, பேசுறதில்லையே. இந்தத் தடவை விதி கிடையாது, நோட்டும் கிடையாது. அவளை முதல்லேர்ந்தே போக விட்டுரப் போறேன். பயந்துட்டுப் போக விடலை, கேட்டுக்கிடுங்க. நான் போகச் சொல்லிப் போறது வேற, அவளாப் போறது வேற. இந்தத் தடவை நான் சொல்லவே போறதில்ல. அவளாத்தான் போகணும்.

வெளிய வேப்ப மரத்தடியில ஸ்கூட்டி தெரியுதா? பர்தா போட்டு ஒருத்தி உக்காந்திருக்காள்லா, அவதான் மைமூன். நான் பஸ் ஸ்டாப்ல நின்னேன், வந்து முன்னால நிறுத்தினா. பேசாம ஏறினேன், பேசாம இறங்கினேன். வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படித்தான். பஸ் கூட்டமா வருது, என்ன செய்ய?

நான் உள்ள போனதும் அவ எழுந்து இங்க வந்து உக்காருவா. பக்கத்துல யாரு இருந்தாலும் விசாரிப்பா, டாக்டர் என்ன சொன்னாராம், அக்கா ஏதாவது சொன்னாங்களான்னு. எனக்காக ஒண்ணு செய்யுங்க. ஜனவரிக்கு ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம்னு சொல்லிருங்க. அவளுக்கும் பேரு கொடுத்தாச்சுங்கதையும் சொல்லிருங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

ஒன்பதா? இதோ வாரேன்மா. எழுந்திரிக்க நேரம் ஆகும்லா?

என்ன கேக்கீங்க? நான் இன்னைக்கு இன்னும் டாக்டரையே பாக்கலையேன்னா? அதை நான் பாத்துக்கிடுதேன். அவரு சொல்லுவாரு. சொல்லலைன்னா சொல்ல வைப்பேன்.